சத்தமா சொல்லுங்க அப்பத்தா

என் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று நானே கொட்டை எழுத்தில் அடித்து, லேமினேஷன் போட்டு ஒட்டியது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, “அப்பத்தா, போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க. சத்தமா சொல்லுங்க” என்று வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். அப்பத்தாவும் சொல்லும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும். தப்பு செய்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

அறந்தாங்கியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. பிழைப்பு எல்லாம் ஆன்லைன் வேலையில்தான். வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், காலேஜ் விண்ணப்பம், கரண்ட் பில், ரயில் டிக்கெட். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஆண்பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார்கள். ஊரில் இருப்பது வயதானவர்களும் படிக்கிற பிள்ளைகளும். அவர்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல வேலைதான், நாலு பேருக்கு உபகாரம் என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் எப்படிக் கரைந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கொரோனா முடிந்து காலேஜ் திறந்த வருடம். ஒரு பெண் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தாள். மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ எல்லாவற்றையும் இரண்டாவது சிஸ்டத்தில் ஸ்கேன் செய்து ஏற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார். அப்புறம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, எம்மகளோட போட்டோவும் நம்பரும் உன் கடையில இருந்துதான் போயிருக்கு. எவனோ ராத்திரி பூரா மெசேஜ் அனுப்புறான். அவ போட்டோவையே அவளுக்கு அனுப்புறான்” என்றார்.

நான் முதலில் மறுத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. “எங்க கடையில அப்படி நடக்காதுக்கா” என்று அடித்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. போலீஸுக்குப் போகவும் மகள் வேண்டாம் என்றுவிட்டாளாம், நம்பரை மாற்றிவிட்டார்களாம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஷட்டரை இறக்கிவிட்டு அன்று ராத்திரி அந்த இரண்டாவது சிஸ்டத்தில் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தேன். உருட்டினேன், உருட்டினேன், முடியவில்லை. ஊரில் பாதிப் பேர் அதற்குள் இருந்தார்கள். சாதிச் சான்று, சொத்துப் பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட், கல்யாணப் பதிவுக்குக் கொடுத்த போட்டோக்கள். என் அம்மாவின் ஆதாரும் இருந்தது. அந்த சிஸ்டத்தில்தான் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பிரவுஸ் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆதார் பிடிஎஃப் பூட்டித்தானே வருகிறது என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்தப் பூட்டின் சாவி, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே மார்க் ஷீட் கிடந்தால் பூட்டு எதற்கு?

மறுநாளே செய்தது இது. வாடிக்கையாளர் பிரவுஸ் பண்ணுகிற சிஸ்டம் வேறு, ஸ்கேன் போடுகிற சிஸ்டம் வேறு என்று பிரித்தேன். ஸ்கேன் சிஸ்டம் என் மேஜையில், திரை என் பக்கம். ஸ்கேன் ஆவது, டவுன்லோட் ஆவது எல்லாம் ஒரே ஃபோல்டருக்குப் போகும்படி வைத்து, கடை பூட்டும்போது அதைக் காலி செய்வேன், குப்பைத்தொட்டி உட்பட. பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமிக்கும் வசதியை அணைத்தேன். வெளியாள் உட்காரும் சிஸ்டத்தில் பிரவுசர் எப்போதும், பார்த்த தளங்களைச் சேமித்து வைக்காத மறைநிலையிலேயே திறக்கும்படி செய்தேன். அப்படித் திறந்தாலும் டவுன்லோட் ஆன ஃபைல் தானாக அழியாது என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கண்டுகொண்டேன். நிறையக் கடைக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

தாளைப் பற்றி அப்போதும் நினைக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் ஒருநாள் பஜ்ஜி மடித்துத் தந்த தாளைத் திருப்பிப் பார்த்தால், மங்கலாக அடித்த ஒரு ரேஷன் கார்டு. என் பிரிண்டரில் மை தீரும்போது விழும் கோடு அதில் விழுந்திருந்தது. சரியாக வராத பிரிண்டை எல்லாம் மூட்டை கட்டி பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தேனே! இப்போது ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து, வீணான தாளைக் கிழித்து ஊறப்போட்டுவிடுகிறேன். சாயந்தரம் கூழாகிவிடும். தாள் கிழிக்கும் மெஷினெல்லாம் வாங்க வேண்டாம், வாளி போதும்.

இவ்வளவும் செய்து முடித்து, கடை பத்திரமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோதுதான் சார் வந்தார்.

சார் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லை. பேங்க் தளத்தில் நுழைந்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். “சொல்லுங்க சார், யூசர் ஐடி என்ன?” என்றேன் வழக்கம்போல. அவர் சிரித்தார். பாஸ்வேர்டையும் இப்படித்தான் கேட்பீங்களா என்றார். நான் பேசாமல் இருந்தேன். “கண்ணு தெரியாதவனுக்கு ரகசியம் எதுக்குன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க தம்பி. என் சம்பளம் எவ்வளவு, லோன் எவ்வளவுன்னு எனக்கு முன்னாடி எங்க தெருவுக்குத் தெரியும்.”

பையிலிருந்து ஒரு பென்டிரைவும் இயர்போனும் எடுத்தார். அந்தப் பென்டிரைவில் என்விடிஏ இருந்தது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். தானும் பார்வையற்றவரான ஆஸ்திரேலியாக்காரர் மைக்கேல் கர்ரன் 2006-இல் எழுதத் தொடங்கியது, இன்றுவரை இலவசம். கம்ப்யூட்டரில் நிறுவக்கூட வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். சார் இயர்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் விரலை ஓட்டினார். என்ன கேட்கிறது என்று ஒரு காதை வாங்கிக் கேட்டேன். அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மௌஸைத் தொடவே இல்லை மனுஷர். பிறகு என் சிஸ்டத்திலேயே அதை நிறுவச் சொல்லி, இன்னொரு வித்தையும் காட்டினார். திரைச்சீலை என்று ஒரு வசதி. அதைப் போட்டால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், உள்ளே வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கண் தெரிந்த எனக்குக் கிடைக்காத தனிமை அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது.

பத்து நிமிடம்தான். படத்தில் கோணல்மாணலாக எழுத்தைப் போட்டு, ‘இதைத் தட்டச்சு செய்’ என்கிற பெட்டி வந்தது. ஒலி வடிவம் இல்லை. சார் இயர்போனைக் கழற்றி, “இதை மட்டும் படிச்சுச் சொல்லு தம்பி” என்றார். படிக்க வேண்டுமானால் திரைச்சீலையை எடுக்க வேண்டும். எடுத்தார். அவர் அடித்து வைத்திருந்ததெல்லாம் என் முன்னால் விரிந்து கிடந்தது.

அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கியதுதான் இந்தக் கட்டுரையே. பூட்டு போடுவது ஒரு வேலை, எல்லோரும் புழங்கும்படி செய்வது வேறொரு வேலை என்று பிரித்து வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். ஒரு இணையப் பக்கத்தைத் தானே பயன்படுத்த முடியாதபடி கட்டினால், அதைப் பயன்படுத்த வேண்டியவர் தன் ரகசியத்தை அடுத்தவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். பார்வை இல்லாதவருக்கு நான், அப்பத்தாவுக்கு நான், கை நடுங்குகிறவருக்கு நான். என் கடை இவ்வளவு கூட்டமாக ஓடுவதற்கே பாதிக் காரணம் அந்தத் தளங்களை யாரும் இவர்களை மனதில் வைத்துக் கட்டாததுதான். அப்படியானால் நான் செய்வதற்கு உபகாரம் என்று பெயர் சொல்லிக்கொள்ளலாமா?

அப்பத்தாவின் ஓடிபிக்கு வருகிறேன். முந்நூறு ரூபாய்க்குள் ஒரு தனி நம்பர் பலகை வாங்கினேன், கேஷ் கவுண்டர்களில் வைத்திருப்பார்களே, எண்கள் மட்டும் உள்ளது. நீளமான வயரில் கோத்து, வாடிக்கையாளர் பக்கம் தள்ளி வைத்தேன். ஓடிபி கட்டம் வந்ததும், “அப்பத்தா, போன்ல இருக்கிறத இதுல அமுக்குங்க, வாயால சொல்லாதீங்க” என்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட எண் தெரிந்தவர்கள். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர்கள்தானே. ஒரே சிக்கல், நேரம். மெதுவாக அமுக்கி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். சில தளங்களில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே மொத்தப் படிவமும் போய், முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். இதைக் கட்டுகிறவர்கள் தங்கள் அம்மாவை ஒரு தடவை உட்கார வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

ரேகை இன்னொரு கதை. ஆதாரை வைத்துப் பணம் எடுக்கும் மெஷினில் கொத்தனார்கள், சித்தாள்கள், மீன் கம்பெனியில் ஐஸில் கை வைத்து வேலை செய்கிறவர்கள் விரல் வைத்தால் பல தடவை ஏற்காது. தேய்ந்திருக்கும். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வோம். அவர்களுக்குக் கருவிழி, முகம், பேங்க் கார்டு என்று மாற்று வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் விரலைக் கேட்கலாம் என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம். பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள ரேகையைப் படியெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் வேறு மாநிலங்களில் வந்தபிறகு, ரேகையை அடிக்கடி பயன்படுத்தாதவர்களிடம் ஆதார் தளத்தில் போய் அதைப் பூட்டி வைக்கச் சொல்கிறேன். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். பூட்டியதை மறந்துவிட்டு வந்து, “மெஷின் ரிப்பேரா தம்பி?” என்று கேட்பவர்களும் உண்டு.

சார்தான் ஒரு தீர்ப்பைப் பற்றியும் சொன்னார். அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், ஆன்லைனில் அடையாளம் சரிபார்க்கும்போது ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்டதால் பேங்க் கணக்குத் தொடங்க முடியாமல் போனார். சிமிட்ட முடியாதவரிடம் சிமிட்டினால்தான் உயிரோடு இருப்பதாக நம்புவேன் என்கிறது மெஷின். அவரும், பார்வைக் குறைபாடுள்ள வழக்கறிஞர் அமர் ஜெயினும் தனித்தனியாகப் போட்ட வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 20 உத்தரவுகள் போட்டது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். மகாதேவன் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர் என்று சார் பெருமையாகச் சொன்னார். ஊர்ப்பாசம்! எனக்கு அந்தக் கண் சிமிட்டல்தான் மனதில் நின்றது. என் கடையில் நான் யாரையெல்லாம் சிமிட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

அப்போது என் அக்கா மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். வாட்ஸப்பில் எனக்கு ஆவணம் அனுப்புகிறார்களே, அது என் போனிலேயே தங்கிவிடுகிறதே, அதற்குப் பதில் கடைக்கென்று ஒரு சின்னப் பக்கம் போட்டுக் கொடுடா என்றேன். ஒரு வாரத்தில் போட்டான். பார்க்க ஜோராக இருந்தது. சாரிடம் காட்டினோம். காட்டினோம் என்று சொல்கிறேன், அவர் கேட்டார்.

“பட்டன். பட்டன். பட்டன்.” அவ்வளவுதான் வந்தது. ஒவ்வொரு பட்டனிலும் பையன் அழகாக ஒரு படம் வைத்திருந்தான், பெயர் வைக்கவில்லை. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் மங்கலாக ‘பெயர்’ என்று உள்ளேயே எழுதியிருந்தான். தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். கண் தெரிகிற என் அம்மாவே பாதியில் நிறுத்தி, “இதுல என்ன கேட்டான்?” என்றார். பிறந்த தேதிக்கு ஒரு காலண்டர். 1948-இல் பிறந்தவர் அம்புக்குறியை மாதம் மாதமாக அமுக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். தப்பாக நிரப்பினால் கட்டம் சிவப்பாகும், வேறு ஒன்றும் சொல்லாது. சிவப்பு சாருக்கு எப்படித் தெரியும்? நிறக்குருடு உள்ள என் நண்பனுக்கும் தெரியவில்லை. மேலே வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வித்தியாசம் இருக்க வேண்டும் என்று உலக அளவில் ஒரு விதியே இருக்கிறதாம், பையன் தேடிப் பார்த்து அவனே வெட்கப்பட்டான். மத்தியான வெயிலில் கடை வாசலில் போனைப் பிடித்துப் பார்த்தால் விதி இல்லாமலே விளங்கிவிடும்.

திருத்தினோம். பட்டனுக்குப் பெயர். கட்டத்துக்கு மேலே, மறையாத தலைப்பு. தேதிக்கு நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம், கையால் அடிக்கலாம். தப்பானால் ‘போன் எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்’ என்று தமிழில் சொல்லும். பாஸ்வேர்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். மௌஸை எடுத்து மேஜைக்குள் பூட்டிவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து முழுப் படிவத்தையும் நிரப்பிப் பார்த்தோம். இதற்குக் காசு செலவே இல்லை, பக்கம் கட்டுகிற யாரும் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

கேட்பதையும் குறைத்தோம். முதல் வடிவத்தில் அப்பா பெயர், சாதி, ஆதார் எண் எல்லாம் இருந்தது. ஏன்டா என்றால், “எல்லா ஃபார்ம்லயும் இருக்கே மாமா” என்கிறான். ஒருவர் ஒரு தாளைப் பிரிண்ட் எடுக்க அனுப்புவதற்கு எனக்கு எதற்கு அவர் சாதி? பெயரும் போன் எண்ணும் போதும். ஏற்றிய ஆவணம் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். வேலை முடிந்தபின் ஆவணத்தை வைத்திருக்கக் கூடாது என்பது 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. ஆதார் கேட்கும் இடங்களுக்கு, முதல் 8 இலக்கத்தை மறைத்து கடைசி 4 மட்டும் தெரியும் பிரதியை எடுத்துக் கொடுக்கிறேன். ‘இது செல்லாது, முழுசா கொண்டா’ என்று திருப்பி அனுப்புகிற இடங்களும் உண்டு. அப்போது முழுப் பிரதியின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதச் சொல்கிறேன். திருட்டை முழுதாகத் தடுக்காது, ஆனால் அதே தாளை வைத்து சிம் வாங்குவது சிரமமாகும்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அதை இந்தத் துறைக்காரர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. சாருக்கு ஒரு சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. என்விடிஏயில் திறந்தால், “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. திரையில் பார்த்தால் அழகாகத் ‘தமிழ்’ என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். வாசிக்கும் மென்பொருள் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே உள்ளே சேமிக்கும் முறை யூனிகோடு. தமிழக அரசு 2010-லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பழகிய கை எளிதில் மாறாது, என் கையும்தான். கடையில் அழைப்பிதழ், மனு எல்லாம் பழைய எழுத்துருவில்தான் அடித்துக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குகிறார்களே, அது இன்னும் மோசம். அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். அந்தக் கோப்பைத் திறந்தால் சாரின் இயர்போனில் வெறும் மௌனம்தான்.

கடைசியாக என் கடையில் இருந்த ஒரு நோட்டைச் சொல்லியாக வேண்டும். நீள நோட்டு, 200 பக்கம். யாருக்காவது ஈமெயில் தொடங்கிக் கொடுத்தால் பாஸ்வேர்டை அதில் எழுதி வைப்பேன். அவர்களுக்கு ஞாபகம் இருக்காதே என்ற நல்லெண்ணம்தான். போன் இல்லாதவர்களுக்கு என் நம்பரையே கொடுத்துப் பதிந்திருக்கிறேன். என் போன் தொலைந்தால் எத்தனை குடும்பத்தின் சாவி போகும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. வருகிறவர் வருகிறவராக நம்பரை மாற்றி, பாஸ்வேர்டை அவர்களையே புதிதாக வைக்கச் சொல்லி, நோட்டில் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சிலர் கோபித்துக்கொண்டார்கள். “நீயே வச்சிரு தம்பி, உன்னைய நம்பாமயா?” நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டில் வைக்கிற டைரியில் அவர்களே எழுதி வைத்துக்கொள்ளட்டும். தன் வீட்டு டைரி என் கடை நோட்டைவிடப் பத்திரம்தான்.

பணம் போய்விட்டது என்று ஓடி வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் கதை கேட்பதில்லை. முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டுக் கையில் கொடுக்கிறேன், கதை அப்புறம். பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. போன வாரம் ஒரு அப்பத்தா பென்ஷன் விஷயமாக வந்தது. நம்பர் பலகையைத் தள்ளி வைத்தேன். “இதுல எதை அமுக்க?” என்றது. ஓடிபி அதன் போனுக்கு வராது, பதிந்திருப்பது மகன் நம்பர், மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில். வாட்ஸப்பில் கூப்பிட்டது. ஸ்பீக்கர் தவிர வேறு எதிலும் அதற்குக் கேட்காது. இயர்போனைக் கொடுத்தேன், காதில் நிற்கவில்லை. மூன்றாவது அழைப்பில் மகன் எடுத்தான், பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம். எண்ணை இரண்டு தடவை கத்திச் சொன்னான். கடையில் எல்லோரும் கேட்டோம். அப்பத்தா ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அமுக்கியது. ஐந்தாவது எண்ணில் நேரம் முடிந்துவிட்டது.

“மறுபடி அனுப்பச் சொல்லு” என்றது என்னிடம், ஏதோ நான்தான் அனுப்புகிறவன் என்பதுபோல.